ஒன்பதாவது சிம்

என் தம்பி தர்மபாலன் தொலைக்காட்சியில் என்னைச் சந்தேகப் பட்டியலில் வைத்திருந்ததாகச் சொல்லிக் கைதட்டு வாங்கிய நேரத்தில் நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். "நாட்டின் பாதுகாப்பு என்று வந்தபோது என் சொந்த அக்கா வீட்டைக்கூட நான் விட்டுவைக்கவில்லை" என்றான். பேட்டி எடுத்த பெண்ணுக்குக் குரலே கம்மிவிட்டது. அரங்கத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். சற்று நேரத்தில் எங்கள் லைன் வீடுகளிலிருந்தே இரண்டு பேர் வந்து, இப்படி ஒரு நேர்மையான தம்பி யாருக்குக் கிடைப்பான் என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. களைந்த அரிசி அப்படியே கிடந்தது. அன்று நான் உலை வைக்கவே இல்லை.

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். எனக்குப் படையாக வந்ததே தம்பிதான்.

அவனைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தேசியத் தகவல் காப்பு முகமை என்று டெல்லியில் ஒன்று இருக்கிறது. உளவு பார்க்கிற ஆபீஸ். அதற்கு இரண்டு வருஷம் தலைவர், பதவி நீட்டிப்பில் இன்னும் இரண்டு வருஷம் தலைவர். பிறந்தது கோலார் தங்க வயலில், இதே ஸ்கெலட்டன் குடியிருப்பில், இதே தகரக் கூரை வீட்டில். எங்கள் அப்பா பூமிக்குக் கீழே ஆறாயிரம் அடியில் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுத்தவர். ஷிப்ட் முடிந்து கேஜ் என்கிற கூண்டு லிப்டில் ஏறி மேலே வந்தால் நேராக வீட்டுக்கு வந்துவிட முடியாது. சட்டையைக் கழற்றி, வாயைத் திறந்து, காலைத் தூக்கிக் காட்டி, எங்கேயும் தங்கத்தை ஒளித்துவைக்கவில்லை என்று நிரூபித்த பிறகுதான் வாசலைத் தாண்ட விடுவார்கள். முப்பது வருஷம் அதைச் செய்தார். பாலா சின்ன வயதில் அந்த வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்து, "நான் பெரியவனானா சோதிக்கிற பக்கம்தான் நிப்பேன்" என்பான். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது.

போலீஸ் அதிகாரித் தேர்வில் அவன் தேறிய அன்று லைன் முழுக்கத் தெருவில் இறங்கி ஆடியது. எங்கள் விகாரையில் நூற்றெட்டு விளக்கு ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அவனைப் பற்றிய செய்திகள் பத்திரிகை வழியாகத்தான் வந்தன. வடகிழக்கில் ஒரு மலையூரில் விசாரணைக்கு அழைத்துப்போன மூன்று பையன்கள் வீடு திரும்பவில்லை. உத்தரவில் அவன் கையெழுத்து. விசாரணை நடந்தது, முடிந்தது, அடுத்த குடியரசு தினத்தில் அவனுக்குப் பதக்கம் கிடைத்தது. பிறகு தனக்கு மேலிருந்த நான்கு அதிகாரிகளைத் தாண்டி நாற்காலியில் உட்கார்ந்தான். அந்த மூன்று பையன்களின் அம்மாக்கள் என்ன ஆனார்கள் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நம்ம வீட்டுப் பிள்ளை என்றால் வாய் அடைத்துப்போகிறது. அந்த வெட்கம் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

அவன் ஓய்வு பெற்ற அடுத்த மாதம் அந்தப் பட்டியல் வெளியே வந்தது. அவன் முகமை உத்தரவே இல்லாமல் ஒட்டுக் கேட்ட ஆயிரத்து நானூறு தொலைபேசி எண்கள். நீதிபதிகள், மந்திரிகள், மந்திரிகளின் சமையல்காரர்கள். பதினேழாம் பக்கத்தில் எட்டு எண்கள் ஒரே பெயரில், ஒரே முகவரியில் இருந்தன. சங்கமித்ரா, ஓய்வு பெற்ற தபால் ஊழியர், ஸ்கெலட்டன், கோலார் தங்க வயல். அது நான்தான்.

எட்டு போனை வைத்துக்கொண்டு அறுபத்தாறு வயதுக் கிழவி என்ன செய்கிறாள் என்று நாடே கேட்டது. எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் எல்லாருக்கும் தெரியும். லைன் வீடுகள் கம்பெனி கட்டியவை. நான்கு தலைமுறையாக அதில் பிறந்து செத்தும் எங்கள் பெயரில் பட்டா கிடையாது. சுரங்கத்தை மூடிய பிறகு நாங்கள் அங்கே இருப்பதற்கே காகிதம் இல்லை. பழைய கதவு எண் ஒன்று, புதுக் கதவு எண் ஒன்று, அடையாள அட்டையில் இருப்பது மூன்றாவது. சிம் வாங்கப் போனால் கடைக்காரன் திருப்பி அனுப்பிவிடுவான். தபால் நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்ததால் என்னிடம் மட்டும் எல்லாக் காகிதமும் ஒரே முகவரியில் ஒழுங்காக இருந்தது. அதனால் கறிவேப்பிலை கேட்கிற மாதிரி வந்து கேட்பார்கள்: "அக்கா, உன் பேர்ல ஒண்ணு எட்த்துக்கறேன்." எடுத்துக்கொள் என்பேன். கேஸ் அடுப்பு இணைப்புக்கும் முன்பு அப்படித்தான் கொடுத்தேன். அது தப்பு என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

ஒரு ஆள் பெயரில் ஒன்பது சிம் வரை எடுக்கலாம். எனக்கு ஒன்று. எதிர்வீட்டு நாகேஷுக்கு ஒன்று, அவன் மனைவி ஷோபாவுக்கு ஒன்று. ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இருக்கும் மகளோடு பேசப் பக்கத்து வீட்டு எட்மண்டுக்கு ஒன்று. தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் நான்கு பேருக்கு நான்கு. ஆக எட்டு.

ஒன்பதாவதை வாங்கிக்கொண்டவன் என் தம்பி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அம்மா இறந்த ஏழாம் நாள். பிக்குகளுக்குத் தானம் கொடுத்து முடித்த மத்தியானம், பாதுகாவலர்களை வாசலில் நிறுத்திவிட்டுப் பின்பக்கம் குழாயடிக்கு வந்தான். டெல்லியில் தன் போனை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று தனக்கே தெரியவில்லை, நிம்மதியாக இரண்டு வார்த்தை பேச வழியில்லை, உன் பெயரில் ஒன்று எடுத்துக் கொடு என்று கேட்டான். அப்போது அவன் முகமைத் தலைவன் என்பதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. பாவமாக இருந்தது. அந்த ஒன்பதாவதை ஷோபா தன் மகள் மமதாவுக்காக முந்தின வாரமே கேட்டு வைத்திருந்தாள். பெங்களூரில் வேலைக்கு எழுதிப்போட அவளுக்கு ஒரு நம்பர் வேண்டியிருந்தது. தீர்ந்துபோச்சு என்று ஷோபாவிடம் பொய் சொல்லிவிட்டுத் தம்பிக்குக் கொடுத்தேன்.

நாகேஷ் ஆட்டோ ஓட்டுகிறவன். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். வீட்டுப் பட்டா கேட்டு சாம்பியன் ஸ்டேஷனில் இருநூறு பேரோடு தண்டவாளத்தில் உட்கார்ந்தான். ரயில் இரண்டு மணி நேரம் நின்றது. பதினைந்து நாள் கழித்து அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ரயிலைக் கவிழ்க்கச் சதி என்று வழக்கு. ஒரு கிழவியின் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டு போன்களில் இயங்கிய ரகசியக் கூட்டம் என்று குற்றப்பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். முகமை கொடுத்த அந்த எட்டு எண்கள்தான் ஆதாரம். வேறு ஒரு குண்டூசிகூட அவன் வீட்டில் கிடைக்கவில்லை. இருபத்தேழு மாதமாக ஜாமீன் இல்லாமல் உள்ளே இருக்கிறான்.

ஷோபா பெங்களூரில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறாள். ஆறு நாள் வேலைக்கு ரயில், ஏழாவது நாள் ஜெயிலுக்கு ரயில். என்னைப் பார்த்தால் வழக்கம்போல "சாப்ட்டியாக்கா" என்று கேட்டுவிட்டுப் போவாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பாலாவுக்கு ஐந்து கடிதம் எழுதினேன். எட்டும் யார் யாருடையவை, எதற்காக எடுத்தவை என்று ஒவ்வொன்றாக விளக்கி எழுதினேன். பதில் இல்லை. ஒரு தடவை போனில் வந்து, சட்டம் தன் வேலையைச் செய்யும், நீ இதில் தலையிடாதே என்று சொல்லி வைத்துவிட்டான். மேலே இருப்பவனுக்கு ஏதோ தெரியும் போலிருக்கிறது என்று நானும் அடங்கிப்போனேன்.

பட்டியல் வெளியானதும் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரைப் போட்டு விசாரணை ஆணையம் அமைத்தார்கள். வியாழக்கிழமை பெங்களூரில் நேரில் வரச் சொல்லி எனக்குச் சம்மன் வந்தது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாலா வந்தான். எனக்குப் பட்டுப்புடவை, இனிப்பு, இவற்றோடு ஆங்கிலத்தில் நான்கு பக்கம் டைப் அடித்த காகிதம். சாப்பிட உட்கார்ந்தான். கருவாட்டுக் குழம்பை இரண்டு தடவை ஊற்றிக்கொண்டான். கை கழுவிவிட்டுக் காகிதத்தை என் முன்னால் வைத்தான்.

எனக்கு ஆங்கிலம் நன்றாகவே படிக்க வரும். நாகேஷ் என்பவன் என்னை ஏமாற்றி என் ஆவணங்களை வாங்கி எட்டு இணைப்புகள் எடுத்தான். எனக்குப் பயம் வந்தது. என் தம்பியிடம் முறையிட்டேன். நான் கேட்டுக்கொண்டதால்தான் அந்த எண்கள் கண்காணிக்கப்பட்டன. கீழே என் பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு. இதில் கையெழுத்துப் போட்டால் ஒட்டுக் கேட்டது சட்டப்படியாகிவிடும். ஆணையம் தன்னை விடுவித்துவிட்டால் ஏதோ ஒரு மாநிலத்துக்குத் தன்னை ஆளுநராகப் போடப் பேச்சு நடக்கிறது என்று அவனே சொன்னான். அம்மா இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள் என்றும் சொன்னான்.

நான் மறைக்க மாட்டேன், பேனாவைக் கையில் எடுத்தேன். அவன் படிக்க வேண்டும் என்று பத்தொன்பது வயதில் வேலைக்குப் போனவள் நான். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும். கையும் அந்தக் கோடு வரை போய்விட்டது. அப்போதுதான் எட்டு என்ற எண் கண்ணில் குத்தியது.

"எட்டுன்னு போட்டுகீதே பாலா. ஒம்பது இல்ல?"

"ஒன்பதாவது லிஸ்ட்ல இல்லக்கா. அதை யாரும் கேட்கப் போறதில்லை."

"லிஸ்ட்லந்து யாரு எட்த்தது?"

அவன் தான் கொண்டுவந்த பட்டுப்புடவையின் மடிப்பைச் சரிசெய்தான். டெல்லி போன பிறகு அவன் தமிழ் இஸ்திரி போட்டது மாதிரி ஆகிவிட்டது. அதிலேயே பொறுமையாக விளக்கினான். அந்த ஒன்பதாவதில் தான் பேசிய ஆட்கள் பெரிய ஆட்கள், பதவி நீட்டிப்பு நேரத்தில் பேசியது, அது வெளியே வந்தால் பல பேர் தலை உருளும். நான் கேட்டது அது இல்லை.

"நாகேஷு எப்டி என்கிட்ட சிம் வாங்கினானோ அப்டித்தான் நீயும் வாங்கினே. இந்த லைன்ல எல்லாரும் அப்டித்தான் வாங்குவாங்கன்னு உனுக்குத் தெர்யும். தெரிஞ்சிக்கினே அவன உள்ள வெச்சியா?"

"தெரிஞ்சதாலதான் உன் பேரை வழக்கில் சேர்க்காம காப்பாத்தினேன். அவனுக்கென்ன, இன்னும் ஒரு வருஷத்துல வெளியே வந்துடுவான். ஒரு வருஷம்தானே அக்கா."

ஒரு வருஷம்தானே. இதைச் சொல்லிவிட்டு அவன் இனிப்புப் பெட்டியைத் திறந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முப்பத்தொரு வருஷம் இந்த ஊரின் கடிதம் முழுக்க என் கை வழியாகப் போயிருக்கிறது. யார் பெண் யாருக்கு எழுதுகிறாள், எந்த வீட்டுக்கு வக்கீல் நோட்டீஸ் வருகிறது, எல்லாம் என் மேஜை மேலேதான் கிடந்தது. சரியாக ஒட்டாத கவர் வந்தால் உள்ளே எட்டிப் பார்க்காமல் நானே பசை தடவி ஒட்டி அனுப்பினேன். ஊர் என் பெயரில் சிம் எடுத்ததே அந்த நம்பிக்கையில்தான். அந்தப் பெயரை வைத்து இவன் ஒரு அப்பாவியைக் கட்டிப்போட்டிருக்கிறான். வேலியே பயிரை மேய்ந்தது போதாதென்று, மேய்ந்தது பயிரின் விருப்பப்படிதான் என்று எழுதிக்கொண்டு வந்து கையெழுத்தும் கேட்கிறான்.

பேனாவை மூடி வைத்தேன். யோசிக்க வேண்டும் என்றேன். அக்கா கடைசியில் போட்டுவிடுவாள் என்று அவனுக்கு நிச்சயம். காகிதத்தை மேஜையிலேயே வைத்துவிட்டு, வியாழக்கிழமை காலையில் கார் அனுப்புவதாகச் சொல்லிக் கிளம்பினான்.

வியாழக்கிழமை கார் வந்து வாசலில் நின்றது. அதைத் தாண்டி நடந்து போய், ஷோபா வழக்கமாகப் போகும் காலை ரயிலில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பங்காருபேட்டை வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "மமதாவுக்கு இல்லன்னு சொன்னியே, அதுவாக்கா?"

அதுதான் என்றேன். ஒயிட்ஃபீல்ட் வரை ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு மணி நேரம் எனக்குத் தண்டனைதான், வேண்டியதுதான். இறங்குவதற்கு முன்னால் தொழிற்சாலைக்குப் போன் போட்டு இன்றைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு என் பையைத் தூக்கிக்கொண்டாள்.

ஆணையத்தின் அறை சின்னது. நீதிபதி வயதானவர், முகத்தில் சிரிப்பே இல்லை. பாலா முன்வரிசையில் சாம்பல் நிறக் கோட்டில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்துத் தலையசைத்தான். என் பின்னால் வந்த ஷோபாவைப் பார்த்ததும் அந்தத் தலையசைப்பு பாதியில் நின்றது. டெல்லியிலிருந்து வந்த அவனுடைய வக்கீல் அந்த நான்கு பக்கத்தின் நகலை நீட்டி, இது உங்கள் வாக்குமூலம்தானே என்று கேட்டார்.

"கையெழுத்து எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள்" என்றேன். நீதிபதிக்கு நேரடியாகப் புரியட்டும் என்று கன்னடத்தில்தான் பேசினேன்.

பிறகு பையிலிருந்து சிம்களோடு வந்த உறைகளை எடுத்து நீதிபதியின் மேஜையில் வரிசையாக வைத்தேன். தபால்காரிக்கு உறையைத் தூக்கிப்போடும் பழக்கம் கிடையாது. ஒவ்வொன்றின் மேலும் எண் அச்சாகியிருக்கும், பக்கத்தில் யாருக்குக் கொடுத்தேன் என்று என் கையெழுத்தில் எழுதியிருப்பேன். நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணினார். ஒன்பது இருக்கிறதே, பட்டியலில் எட்டுதானே என்றார். கடைசி உறையைத் திருப்பிப் பார்த்தார். அதில் நான் 'பாலா' என்று எழுதியிருந்தேன். யார் இந்த பாலா என்று கேட்டார்.

"முன்வரிசையில் சாம்பல் கோட்டில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். மற்ற ஏழு பேர் எப்படி வாங்கினார்களோ அதே மாதிரி, குழாயடியில் நின்று வாங்கினார். எட்டு சதி என்றால் ஒன்பதும் சதி. ஒன்பதாவது சதி இல்லை என்றால் நாகேஷ் எதற்காக உள்ளே இருக்கிறான்?"

வக்கீல் துள்ளி எழுந்தார். உன் பெயரில் எடுத்த இணைப்பை மற்றவர்களுக்குக் கொடுப்பது குற்றம், உன்மேலேயே வழக்குப் போடலாம் தெரியுமா என்று ஆங்கிலத்தில் மிரட்டினார். போடுங்கள் என்றேன். எல்லாம் நானே மனதாரக் கொடுத்தவை, யாரும் என்னை ஏமாற்றவில்லை. கூண்டில் ஏறத் தயார், ஆனால் என்னிடம் வாங்கிய எட்டுப் பேரையும் என்னோடு ஏற்றுங்கள், ஒருவரைக்கூட விடாதீர்கள் என்றேன். இவள் சொல்வதற்கு என்ன ஆதாரம் என்று வக்கீல் நீதிபதியிடம் கத்தினார். ஊரில் இருப்பவர்கள் பேசியதையெல்லாம் கேட்டவர்களுக்கு, அந்த ஒரு எண்ணிலிருந்து யார் யாரிடம் பேசினார்கள் என்று போன் கம்பெனியில் கேட்டுத் தெரிந்துகொள்வதா கஷ்டம் என்றேன். குரல் நடுங்கியது. பயத்தில் என்று அவர் நினைத்திருக்கலாம். எனக்கு அவ்வளவு கோபம்.

நீதிபதி ஒன்பது உறைகளையும் தன் வசம் எடுத்துக்கொண்டார். ஒன்பதாவது எண்ணின் அழைப்பு விவரங்கள் முழுவதையும் பத்து நாளில் கொண்டுவர உத்தரவிட்டார். நாகேஷின் ஜாமீன் மனு இருக்கிற நீதிமன்றத்துக்கு என் வாக்குமூலத்தின் நகலை இன்றைக்கே அனுப்பச் சொன்னார். அதன் பிறகுதான் நிமிர்ந்து பாலாவைப் பார்த்தார், வெளியூர் எங்கேயும் போகாமல் இருங்கள் என்றார். நாற்பது வருஷமாக மற்றவர்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்டவன் எழுந்து நின்று, சரி ஐயா என்றான். பெற்ற தாயை எரித்த அன்றுகூட நான் அப்படி உடைந்ததில்லை. ஆனாலும் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்ற மாட்டேன்.

மாடிப்படியில் அவன் எங்களைப் பிடித்துவிட்டான். பாதுகாவலர் யாரும் இல்லை, வக்கீலும் இல்லை. முகம் வெளுத்திருந்தது. படித்த படிப்பு, டெல்லித் தமிழ் எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"இன்னா காரியம் பண்ணிட்டே நீ. என் நாப்பது வருஷத்த ஒரு நிமிஷத்துல தொலைச்சிட்டியே. ஊர்க்காரனுக்காகக் கூடப் பொறந்தவன வித்துட்டே."

ஷோபா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊர்க்காரன் இருபத்தேழு மாசமா உள்ள கீறான் பாலா. அவனுக்கும் கூடப் பொறந்தவங்க கீறாங்க" என்றேன்.

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. விரலை நீட்டினான். "இதோட முடிஞ்சிச்சி. இனிமே எனுக்கு அக்காவே கெடையாது."

நான் இரண்டு படி கீழே இறங்கிவிட்டுத் திரும்பினேன்.

"சரி. அத்தயும் டைப் அடிச்சி எட்த்துக்கினு வா. அதுல கையெழுத்து போட்றேன்."